பணிப்பெண்ணின் சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு? சிங்கப்பூர் வீடுகளுக்கான நான்கு வழிகள்

பணிப்பெண் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பல செய்திகள் பேசித் தீர்க்கப்பட்டுவிடுகின்றன. எங்கே படுப்பார், சம்பளம் எவ்வளவு, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, கைப்பேசியை எப்போது எடுக்கலாம் என்பதெல்லாம் ஆள் அமர்த்தித் தரும் முகவையின் மேசையிலேயே எழுத்தில் ஏறிவிடுகின்றன. சாப்பாடு மட்டும் “வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிட்டுக்கொள்வார்” என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. சில வீடுகளுக்கு அந்த வாக்கியம் உண்மையாகவே போதும். சைவம் மட்டுமே சமைக்கும் வீட்டிலும், உப்பையும் எண்ணெயையும் குறைத்துச் சாப்பிடும் முதியவர்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீட்டிலும், கணவனும் மனைவியும் காலையில் வெளியேறி இரவில் பொட்டலத்தோடு திரும்பும் வீட்டிலும் அது போதாது என்பது மூன்றாம் வாரத்துக்குள் தெரிந்துவிடும். அப்போதுதான் “மாதம் இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடலாமா?” என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் சட்டம் எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் சுமார் 3 லட்சம் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளின்படி, போதுமான உணவு உள்ளிட்ட பராமரிப்புச் செலவு முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது. ஆனால் உணவுக்கென்று மாதத் தொகை எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. மனிதவள அமைச்சு ஒரு நாள் உணவுக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறது. காலையில் பூச்சுத் தடவிய ரொட்டி 4 துண்டு. மதியமும் இரவும் ஒரு கிண்ணம் சோறு, முக்கால் கோப்பை சமைத்த காய்கறி, உள்ளங்கை அளவு மீன் அல்லது இறைச்சி, ஒரு பழம். மிதமான உடலுழைப்பு உள்ள பெண்ணுக்கு இது போதும் என்பது அதன் கணக்கு. சமய நம்பிக்கையாலோ பழக்கத்தாலோ அவர் உண்ணாத எதையும் உண்ணுமாறு வற்புறுத்தக் கூடாது என்றும் அமைச்சு சொல்கிறது.

இந்தப் பட்டியலை அடித்தளமாகக் கொள்ளலாம். கூரையாகக் கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். ஜாவாவிலோ மியன்மாரிலோ பிலிப்பீன்ஸிலோ மூன்று வேளையும் சோறு உண்டு வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிண்ணம் என்பது இரண்டு வாய்ச் சோறுதான். அதிலும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்கும் பெண்ணின் உழைப்பை மிதமானது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஹாங்காங் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது. அங்கே எல்லாருக்கும் பொதுவான ஒப்பந்தப் படிவம் ஒன்று உண்டு. முதலாளி இலவசமாக உணவு தர வேண்டும். தராவிட்டால் அதற்கு ஈடாகக் குறைந்தபட்ச உணவுப்படியைத் தர வேண்டும். 2022இல் மாதம் 1,196 ஹாங்காங் டாலராக இருந்த அந்தப் படி 2023இல் 1,236 ஆனது. 2024இலும் 2025இலும் குறைந்தபட்சச் சம்பளம் முறையே 4,990க்கும் 5,100க்கும் உயர்ந்தபோது உணவுப்படி மட்டும் அசையவில்லை. நம் பணத்தில் அது ஏறத்தாழ 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); நாளுக்கு 41 ஹாங்காங் டாலர் சொச்சம். அந்த ஊரில் மலிவான கடையிலும் ஒரு வேளைச் சோற்றுப் பொட்டலம் 30, 40 டாலர் ஆகிவிடும் என்பதால், சொந்தமாகச் சமைக்க அடுப்பும் நேரமும் இருப்பவருக்குத்தான் இந்தத் தொகை பொருந்தும் என்பது வெளிப்படை. ஒரு தொகையை அரசே சொல்லிவிடுவதால் பேரம் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் அதையே உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே வருகிறது.

தமிழில் ‘படி’ என்ற சொல் தானியம் அளக்கும் அளவையையும் நாட்செலவுக்குத் தரும் பணத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. சோறு போடுபவரைப் படியளப்பவர் என்கிறோம். அளப்பவரின் கை எவ்வளவு தாராளமோ அவ்வளவுதான் படி நிறையும் என்பதால், அந்தக் கையைச் சார்ந்திராத ஏற்பாடு எது என்று பார்ப்பதே இந்த ஒப்பீட்டின் நோக்கம். நான்கு வழிகளையும் நான் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: பசிக்கும்போது அந்தப் பெண் எவரிடமும் கேட்காமல் சாப்பிட முடிகிறதா?

ஒரே பானைச் சாப்பாடு

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். சமைப்பவரும் பெரும்பாலும் பணிப்பெண்ணே. குடும்பத்தின் மாத மளிகையில் இன்னொருவருக்கான பங்கு கூடுவதால் செலவு மற்ற வழிகளைவிடக் குறைவு. மூன்று நான்கு பேர் உள்ள வீட்டில் 120 முதல் 150 வெள்ளிக்குள் அடங்கிவிடும். பட்டியலும் இல்லை, கணக்கும் இல்லை. வீட்டார் உண்பதையே அவரும் உண்கிறார் என்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

இந்த வழியின் குறை பானையில் இல்லை, பரிமாறும் வரிசையில் இருக்கிறது. வீட்டார் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மீதியில் அவர் சாப்பிட வேண்டும் என்ற வழக்கம் பல வீடுகளில் எவரும் முடிவெடுக்காமலே நிலைத்துவிடுகிறது. நடுத்துண்டு மீன்கள் குழந்தைகளுக்குப் போகும், குழம்பில் தலையும் வாலும் மிதக்கும், பொரியல் சட்டியில் ஒரு கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டுமென்று எவரும் செய்வதில்லை. விருந்தாளி ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் குறைவது எவருடைய பங்கு என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இதற்குத் தீர்வு எளிது. சமைத்து இறக்கியதும், குடும்பம் உட்காருமுன், அவருடைய பங்கை அவரே தனிப் பாத்திரத்தில் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மீதியைச் சாப்பிடுவதற்கும் எடுத்து வைத்ததைச் சாப்பிடுவதற்கும் பொருளில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். அளவில் நிச்சயம் உண்டு. தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஊரிலிருந்து சிலர் கப்பலேற்றி வந்த வழக்கத்தை இங்கே நான் விவாதிக்கப் போவதில்லை. அந்த டம்ளரைத் தூக்கிப் போடுவதற்குக் கட்டுரை எதுவும் தேவையில்லை.

இரண்டாவது குறை நேரமும் வகையும். இட்லியும் தோசையும் நமக்குக் காலையுணவு; காலையில் சோறு உண்டு பழகிய பிலிப்பீன்ஸ் பெண்ணுக்கு இரண்டு தோசை என்பது பதினொரு மணிக்குள் கரைந்துவிடும் சிற்றுண்டி. வீட்டார் இரவில் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவார்கள் என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கும். நீரிழிவுக்காரரின் வீட்டில் எல்லாருக்கும் கேழ்வரகும் கொள்ளும் என்றால் அவருக்கும் அதுவே. ஒரே பானையில் இவையெல்லாம் தவிர்க்க முடியாதவை. ஆனாலும் சோற்றுக் குக்கரில் எப்போதும் சோறு இருக்க வேண்டும், முட்டையையும் ரொட்டியையும் வாழைப்பழத்தையும் கேட்காமல் எடுக்கலாம் என்று இரண்டு விதிகள் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். சோற்றை அளந்து வைக்கும் சிக்கனத்தைப் போல் அற்பமானது வேறில்லை. நடுத்தரத் தாய்லாந்து அரிசி கிலோ இரண்டரை, மூன்று வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிண்ணச் சோற்றைக் கூடுதலாக வடிக்க ஆகும் செலவு சுமார் 20 காசுதான்.

அவருக்கெனத் தனியாக வாங்கித் தருவது

வாரந்தோறும் பேரங்காடிக்குப் போகும்போது அவருக்கு வேண்டியதையும் ஒரு பட்டியலாக வாங்கிக் கூடையில் போடுவது இரண்டாவது வழி. சைவக் குடும்பங்களும், ஹலால் உணவு மட்டுமே உண்ணும் இந்தோனீசியப் பெண்ணை வைத்திருப்பவர்களும் இதற்கு வருவார்கள். குளிர்பதனப் பெட்டியில் ஓர் அடுக்கையும், தனியாக ஒரு வாணலியையும் ஒரு சிறு பானையையும் அவருக்கென ஒதுக்கிவிட்டால் வீட்டின் ஆசாரத்துக்கும் இடையூறு வராது, அவருடைய நம்பிக்கைக்கும் வராது.

இதில் நான் காணும் தடை கூச்சம். பட்டியலை எழுதுபவர் அவர், பணம் கொடுப்பவர் நாம். கோழி என்று எழுதலாமா, விலை அதிகம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் பட்டியல் வாரத்துக்கு வாரம் சுருங்கி, கடைசியில் மேகி, முட்டை, மூன்று-கலவை காப்பி என்று நின்றுவிடும். நாமும் “அவருக்கு அவ்வளவுதான் பிடிக்கும் போலிருக்கிறது” என்று நிம்மதி அடைவோம். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பட்டியலின் அடிப்படைப் பொருள்களைத் தாங்களே நிரந்தரமாக எழுதிவிட்டு, அவர் சேர்ப்பதற்கு மட்டும் இடம் விடுவது நல்லது.

மாதப்படியாகக் கையில் பணம்

பணமாகக் கொடுப்பதில் ஒரு கௌரவம் உண்டு. எதை வாங்குவது, எப்போது சமைப்பது என்பதில் எவரும் தலையிடுவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெண்களுக்குத் தங்கள் ஊர்ச் சாமான் எங்கே கிடைக்கும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். மியன்மார்ப் பெண்கள் பெனின்சுலா பிளாசாவுக்கும், பிலிப்பீன்ஸ் பெண்கள் லக்கி பிளாசாவுக்கும், இந்தோனீசியப் பெண்கள் பாய லேபார் சிட்டி பிளாசாவுக்கும் ஓய்வுநாளில் போவது ஊரறிந்த செய்தி. புளித்த தேயிலையோ கருவாடோ டெம்பே எனும் புளித்த சோயாவோ, அவர்களாகப் பொறுக்கி எடுத்து வாங்குவதற்கு ஈடாக நாம் எதையும் வாங்கித் தந்துவிட முடியாது.

அப்படியென்றால் எவ்வளவு? நான் வாங்கும் கடைகளின் விலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் வட்டாரத்தில் சிறிது ஏறலாம், இறங்கலாம். நாளுக்கு 300 கிராம் அரிசி என்றால் மாதம் 9 கிலோ, சுமார் 25 வெள்ளி. கோழியும் மீனும் சேர்த்து மாதம் 4 கிலோ, 40 வெள்ளி. முட்டை 30, அது 8 வெள்ளி. காய்கறி 35, பழம் 20, ரொட்டியும் பாலும் காப்பித்தூளும் பிஸ்கட்டும் 30, எண்ணெயும் வெங்காயமும் மசாலாவும் 15. மொத்தம் 173 வெள்ளி. இது மூன்று வேளையும் தானே சமைத்துச் சாப்பிடுபவருக்கான கணக்கு. ஞாயிறுதோறும் வெளியே இரண்டு வேளை, வேளைக்கு 6 வெள்ளி என்று சேர்த்தால் இன்னும் 48. ஆக 220ஐத் தொடுகிறது. சமைக்கவே நேரமோ இடமோ இல்லாமல் உணவங்காடி நிலையத்தில் மூன்று வேளையும் வாங்கிச் சாப்பிடுபவருக்குக் காலையில் 3, மதியமும் இரவும் 5 வெள்ளி என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் மாதம் 390 ஆகும். மாதம் 100 வெள்ளி கொடுத்துவிட்டு “உணவுப்படி தருகிறோம்” என்று சொல்லும் வீடுகள், ஒரு நாளைக்கு 3 வெள்ளி 33 காசில் தங்களால் என்ன சாப்பிட முடியும் என்று ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம்.

தொகை சரியாக இருந்தாலும் இந்த வழியின் பெரிய ஓட்டை அடைபடுவதில்லை. ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்க்குக் கையில் 220 வெள்ளி கிடைத்தால் அவள் அதைச் சாப்பாடாகப் பார்ப்பதில்லை. முதல் சில மாதங்களின் சம்பளத்தில் பெரும்பகுதி, வேலைக்கு வர ஆன செலவுக்கான முகவைக் கடனுக்குப் போய்விடும் புதிய பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. மாதம் 150 வெள்ளியும் வீட்டு அரிசியும் என்று பேசி, பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நாங்களும் நினைத்திருந்தோம். ஆறு மாத மருத்துவப் பரிசோதனையில் எடை 4 கிலோ குறைந்திருப்பது தெரிந்த பிறகுதான், வெறுஞ்சோற்றோடு மிளகாய்த் துவையல், இரவில் மேகி என்று இருந்துகொண்டு அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் அவர் ஊருக்கு அனுப்பி வந்தது வெளிப்பட்டது.

அந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு குறிப்பு. 2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சோதனையில் மருத்துவர் பணிப்பெண்ணின் உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டைப் பதிவு செய்வதும், உடலில் ஐயத்துக்குரிய காயங்கள் உள்ளனவா என்று பார்ப்பதும் கட்டாயமாகிவிட்டன. அதற்குக் காரணம் உண்டு. பிலிப்பீன்ஸ் பெண் ஒருவருக்கு ரொட்டியும் உடனடி நூடல்ஸும் மட்டும் கொடுத்து, 49 கிலோவாக இருந்தவரை 15 மாதங்களில் 29 கிலோவுக்குக் கொண்டுவந்த தம்பதிக்கு 2017இல் மேல்முறையீட்டில் தலா 10 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதைவிடக் கொடியது, 2016இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் பட்டினியாலும் அடியாலும் மாண்ட 24 வயது மியன்மார்ப் பெண்ணின் வழக்கு. இறக்கும்போது அவருடைய எடை 24 கிலோ. வீட்டுத் தலைவிக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த வழக்குகளையும் நம் மாதக் கணக்கையும் ஒரே தராசில் வைக்கவில்லை. எடை என்பது சட்டத்தின் பார்வையில் சான்று என்பதைச் சொல்லவே இவற்றைக் குறிப்பிட்டேன். “பணத்தைக் கொடுத்துவிட்டேன், சாப்பிடாதது அவர் விருப்பம்” என்று சொல்லி முதலாளி விலகிவிட முடியாது. போதுமான உணவு கிடைக்கச் செய்யும் பொறுப்பு பணம் கைமாறியதும் கைமாறிவிடுவதில்லை.

இன்னொன்று: உணவுப்படியைச் சம்பளத்திலிருந்து பிரித்துக் காட்டுவது தவறு. அவர் வருமுன் அமைச்சு தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தில் எந்தச் சம்பளம் குறிக்கப்பட்டுள்ளதோ அது முழுமையாக அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். “650 வெள்ளியில் 100 சாப்பாட்டுக்கு” என்ற பேச்சு படியும் அல்ல, சலுகையும் அல்ல, சம்பளப் பிடித்தம்.

வீட்டுச் சாப்பாடும் சிறு கைச்செலவும்

மூன்று வழிகளையும் ஏதோ ஒரு காலத்தில் கடைப்பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில், இப்போது நான் பரிந்துரைப்பது கலப்பு ஏற்பாட்டை. அரிசி, முட்டை, காய்கறி, பழம், பால், ரொட்டி, எண்ணெய், காப்பித்தூள் முதலிய அடிப்படைப் பொருள்கள் அனைத்தும் வீட்டினுடையவை, அளவும் இல்லை, அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலில் அவர் விரும்புவதை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார். அதற்கு மேல், அவருடைய நாக்குக்கு வேண்டியதை அவரே வாங்கிக்கொள்ள மாதம் ஒரு சிறு தொகை கையில் தரப்படுகிறது. அதற்கு ரசீது கேட்பதில்லை. இதில் பணம் மிச்சமாகி ஊருக்குப் போனாலும் கவலையில்லை. அவருடைய வயிறு அந்தப் பணத்தை நம்பி இல்லை.

தொகையை இப்படித் தீர்மானிக்கலாம். மாதத்தில் நான்கு ஓய்வுநாள், நாளுக்கு இரண்டு வேளை வெளிச்சாப்பாடு, ஏறத்தாழ 50 வெள்ளி. ஊர்ச் சாமான்களுக்கு 30 வெள்ளி. ஆக 80. வீடு முழுச் சைவமாக இருந்து, மீனோ இறைச்சியோ அவர் வெளியில்தான் சாப்பிட முடியும் என்றால் வாரம் இரண்டு மூன்று வேளைக்காவது இன்னும் 40, 50 சேர்த்து 120, 130 ஆக்க வேண்டும். பொதுமளிகையில் அவருடைய பங்கையும் கூட்டினால் முதலாளியின் மொத்தச் செலவு 200க்கும் 280க்கும் இடையில் நிற்கும். முழுப் படியாகக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் தொகையில் பெரிய வேறுபாடில்லை. அவருக்குக் கிடைப்பது என்ன என்பதில்தான் வேறுபாடு.

ஓய்வுநாள் சாப்பாட்டைப் பற்றிப் பலர் இரு கட்சியாக நிற்கிறார்கள். அன்று அவர் வேலை செய்யவில்லை, எனவே செலவு அவருடையது என்பது ஒரு கட்சி. பராமரிப்புச் செலவு முதலாளியுடையது என்ற நிபந்தனையில் ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை என்பது என் கட்சி. 2023 ஜனவரியிலிருந்து, மாதத்துக்கு ஓர் ஓய்வுநாளையாவது பணத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் கொடுத்தே ஆக வேண்டும். மற்ற ஓய்வுநாள்களில் அவர் சம்மதித்து வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். அந்தச் சம்பளத்தையும் சாப்பாட்டுப் பணத்தையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதிருப்பது கணக்குக்கு நல்லது.

நோன்பு மாதத்தில் இந்தோனீசியப் பெண்ணின் சாப்பாட்டு நேரம் விடியற்காலைக்கும் அந்திக்கும் போய்விடும். அதற்கேற்ப முந்தைய இரவே சோறும் கறியும் எடுத்து வைக்க இடமும், நோன்பு துறக்கும் நேரத்தில் அரை மணி ஓய்வும் வேண்டும். இதற்குப் பணம் தேவைப்படுவதில்லை. திருமணத்துக்காகக் குடும்பம் இரண்டு வாரம் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், அவர் மட்டும் வீட்டில் இருந்தால், குளிர்பதனப் பெட்டியை நிரப்பிவிட்டு நாளுக்கு 10 வெள்ளியாவது கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கைப்பணம் மற்றெல்லா வழிகளையும்விடச் சிறந்ததாக இருப்பது இந்த ஒரு சூழலில்தான் என்று சொல்வேன்.

எந்த வீட்டுக்கு எந்த வழி என்று கேட்டால், அசைவமும் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் குடும்பத்துக்கு ஒரே பானையும் ஓய்வுநாளுக்கு 50 வெள்ளியும் போதும். கண்டிப்பான சைவ வீட்டார் அதை முகவையின் நேர்காணலிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொல்வது நியாயமில்லை. வெளியே வாங்கி வந்து சமைத்துச் சாப்பிட அனுமதி உண்டா, முட்டைக்காவது இடமுண்டா என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிட்டு, 120 வெள்ளிக் கலப்பு வழிக்கு வரலாம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பெண் என்றால் உணவு வகையில் சிக்கல் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்று வேளையும் வகை ஒத்துப்போவதாலேயே அளவைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவது அங்கேதான். முழுப் பணப்படி, அனுபவம் உள்ள, கடன் தீர்ந்த, தனக்கென அடுப்பும் நேரமும் உள்ள, தானே அதைக் கேட்கும் பெண்ணுக்கு மட்டும் பொருந்தும். அப்போதும் 220க்குக் கீழே போகக் கூடாது, வீட்டு அரிசிப் பானையும் மூடப்படக் கூடாது.

பேசியதை எழுதி வைப்பது நல்லது. அரைப்பக்கம் போதும், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்: எவற்றைக் கேட்காமல் எடுக்கலாம், மாதம் எத்தனை வெள்ளி, எந்தத் தேதியில், ஓய்வுநாளுக்குத் தனியாக எவ்வளவு. ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திருத்தவும் வேண்டும். பொருள் சேவை வரி 7 விழுக்காடாக இருந்த 2022இல் பேசிய தொகையையே, அது 2023இல் 8 ஆகி 2024இல் 9 ஆன பிறகும் கொடுத்துக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். காப்பிக்கடையில் கோப்பி-ஓ எனும் பாலில்லாக் காப்பியின் விலை எத்தனை முறை ஏறியது என்று கேட்டால் அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் 150 வெள்ளிப் படியைக் கலப்பு வழிக்கு மாற்றியபோது எதிர்பாராத சங்கடம் ஒன்று வந்தது. எல்லாச் சாமானும் வீட்டினுடையது, கைச்செலவு இனி 80 வெள்ளி என்றதும் அவர் முகம் வாடியது. அவரைப் பொறுத்தவரை நாங்கள் செய்தது 70 வெள்ளிக் குறைப்பு. ஊரில் தம்பியின் படிப்புக்கு அந்தப் பணம்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை இரண்டு நாள் கழித்து என் தாயாரிடம் சொன்னார். சாப்பாட்டுப் பணத்தில் அவர் மிச்சம் பிடித்தது சம்பளம் போதாததால் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த 70 வெள்ளியை அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தோடு சேர்த்துவிட்டோம். அடுத்த பரிசோதனைக்குள் எடை 3 கிலோ ஏறியிருந்தது.